கோயில் மண்டபத்தின் ஒலியை எடுத்து வைக்க வேண்டும்: மெய்நிகர் ஒலியியலை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

தாமிரபரணிக்காரன் · மர்ஃபி டவுன் · ஞாயிறு இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. படித்தது ஈசிஇ, வேலை ஒயிட்ஃபீல்டில் நெட்வொர்க் மென்பொருள். ஒலிக்கும் என் வேலைக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் நான்கு மாதத்துக்குள் மெய்நிகர் ஒலியியலும் (ஒரு இடத்தின் ஒலியைக் கணினியில் உருவாக்குவது) ஸ்பேஷியல் ஆடியோவும் (ஓசை வரும் திசை தெரியும்படி கேட்கவைப்பது) ஓரளவாவது கற்றாக வேண்டும்.

காரணம் இதுதான். எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. அங்கே ஒரு சின்ன சிவன் கோயில். முன்மண்டபம் முழுக்கக் கருங்கல், கிழக்குப் பக்கம் மட்டும் சுவர் இல்லாமல் திறந்திருக்கும். ஓதுவார் ஒரு அடியை முடித்து மூச்சு எடுப்பார் இல்லையா, அந்த இடைவெளியில் கடைசிச் சொல்லைக் கல் பிடித்து வைத்திருக்கும். அடுத்த அடி அதன் மேல் வந்து உட்காரும். தை மாதம் பாலாலயம், அப்புறம் திருப்பணி. திறந்த பக்கத்தைக் கண்ணாடிக் கதவு போட்டு அடைக்கப் போகிறார்கள். வௌவால் தொல்லை, உண்டியல் பாதுகாப்பு என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் நியாயமானவைதான், தடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அடைப்பதற்கு முன்னால் அந்த ஒலியை எடுத்து வைத்துவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஆச்சிக்கு 84 வயது, பார்வை மங்கிவிட்டது. திருவிழா ராத்திரி திண்ணையில் உட்கார்ந்தபடியே, "சாமி தெக்குத் தெரு முக்கு திரும்பிட்டாரு" என்பாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் சப்பரம் அந்த முக்கில்தான் நிற்கும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அவள் எதைக் கேட்டுச் சொல்கிறாள் என்று புரிந்துகொள்ள ஆசை.

எங்கிருந்து தொடங்கலாம்? எந்த மைக் வாங்க? இதற்கு வெளிநாடு போய் எம்.எஸ். படித்தால்தான் உண்டா?

மிக்சிங்_அறை · இந்திராநகர் · ஞாயிறு இரவு 11:15

தம்பி, மைக்கைப் பற்றி இப்போது யோசிக்காதே. பதினான்கு வருடமாக விளம்பரத்துக்கும் படத்துக்கும் மிக்சிங் செய்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகள் முதல் நாளே பிளக்-இன் (ஒலி மென்பொருளில் சேர்க்கும் சிறு கருவி) பட்டியல் கேட்பார்கள். நான் மூன்று வாரம் கழித்துத்தான் கொடுப்பேன்.

முதல் வேலை கைதட்டுவது. உன் அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்கு இறங்கி ஒரு தட்டு தட்டு. அப்புறம் மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டில், கப்பன் பார்க்கில் மூங்கில் புதருக்கு நடுவில், அல்சூர் மேம்பாலத்துக்கு அடியில், வெள்ளையடித்துச் சாமான் இல்லாத காலி அறையில். போனில் பதிவு செய்துகொள். ஒவ்வொன்றுக்கும் கேட்டது என்ன என்று தமிழிலேயே நான்கு வரி எழுது. காலி அறையில் எதிரெதிர்ச் சுவர்கள் பந்து விளையாடுவதுபோல் "டர்ர்ர்" என்று ஒரு நடுக்கம் வரும். பேஸ்மென்ட்டில் அந்த நடுக்கம் இருக்காது, ஒரு கனமான வால் மட்டும் நீண்டுகொண்டு போகும். பார்க்கில் தட்டின ஓசை அங்கேயே செத்துப் போகும்.

எல்லோரும் "ரிவெர்ப்" (எதிர்முழக்கம்) என்று ஒரே சொல்லில் சொல்லும் விஷயத்துக்குள் மூன்று அடுக்கு உண்டு. வாயிலிருந்து காதுக்கு நேராக வருவது ஒன்று. தரை, தூண், பக்கச் சுவர் என்று ஓரிரு முறை மோதிவிட்டு, முதல் 50, 80 மில்லி வினாடிக்குள் வந்து சேர்வது இரண்டாவது. எண்ண முடியாத அளவு மோதிக் கலங்கி வரும் வால் மூன்றாவது. இடம் சின்னதா பெரியதா, பக்கத்தில் சுவர் இருக்கிறதா என்பதையெல்லாம் மூளை இரண்டாவதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. வாலை மட்டும் அழகாகச் செய்துவிட்டு இரண்டாவதைக் கோட்டைவிட்டால், கேட்பவருக்குக் கோயிலும் தெரியாது, குளியலறையும் தெரியாது.

சிக்னல்_மாணவி · யஷ்வந்த்பூர் · திங்கள் காலை 7:50

அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. காது பழகப் பழகவே கணக்கையும் தொட்டுக்கொண்டு போகலாம், ஈசிஇ படித்தவருக்குச் சிரமம் இல்லை. நான் இங்கே சிக்னல் ப்ராசசிங்கில் ஆராய்ச்சி செய்கிறேன். இதில் இரண்டு பாதி உண்டு: காது ஒரு பாதி, கட்டடம் ஒரு பாதி.

காது: வலது பக்கத்து ஓசை வலது காதை முதலில் தொடும், இடது காதைச் சற்றுப் பிந்தித் தொடும். அந்தப் பிந்தல் அதிகபட்சம் 0.7 மில்லி வினாடிக்கும் குறைவு. அதில் நூற்றில் ஓரிரு பங்கு வித்தியாசத்தைக்கூட நம் காது பிடித்துவிடும். தாழ்ந்த சுரங்களுக்கு இந்த நேர வித்தியாசம், உயர்ந்தவற்றுக்குத் தலை மறைப்பதால் வரும் சத்த வித்தியாசம் என்று ராலே என்ற இயற்பியலாளர் 1907இலேயே பிரித்துச் சொல்லிவிட்டார். ஆனால் நேர் முன்னால், நேர் பின்னால், உச்சந்தலைக்கு மேலே, இந்த மூன்றிலும் இரண்டு காதுக்கும் ஒரே நேரம், ஒரே அளவு. அங்கே வேலை செய்வது காது மடல். அதன் மடிப்புகள் ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு அலைவரிசையைத் தணித்தும் தூக்கியும் விடுகின்றன. தலை, தோள், மடல் எல்லாம் சேர்ந்து ஓசைக்குச் செய்யும் மாற்றத்தைத்தான் எச்ஆர்டிஎஃப் என்கிறோம். எம்ஐடியில் 1994இல் ஒரு பொம்மைத் தலையை வைத்து 710 திசைகளில் அளந்து இலவசமாகவே வெளியிட்டார்கள். இன்றும் பாதிப் பேர் அதில்தான் கை பழகுகிறோம்.

கட்டடம்: சபைன் என்ற இயற்பியலாளர் 1890களின் கடைசியில் ஹார்வர்டில் கண்ட சூத்திரம். ஒலி 60 டெசிபெல் அடங்க ஆகும் வினாடி = 0.161 × கன அளவு ÷ மொத்த உறிஞ்சல் (பரப்பு × உறிஞ்சும் பங்கு). உங்கள் மண்டபம் 12 மீட்டர் நீளம், 8 அகலம், 4 உயரம் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 384. ஆறு பக்கமும் சேர்ந்து 352 சதுர மீட்டர். கருங்கல் நூற்றில் இரண்டு பங்குதான் உறிஞ்சும். எல்லாப் பக்கமும் கல்லாக இருந்தால் கிட்டத்தட்ட 8.8 வினாடி முழக்கம், தேவாரத்தில் ஒரு சொல் விளங்காது. ஆனால் 8க்கு 4 என்று ஒரு பக்கம் திறந்திருக்கிறதே, அங்கே போன ஒலி திரும்புவதில்லை. அந்த 32 சதுர மீட்டரை முழு உறிஞ்சலாகப் போடுங்கள்: 1.6 வினாடி. 60 பேர் நின்றால், ஆளுக்கு அரை சதுர மீட்டர் உறிஞ்சல் என்று வைத்தாலும் 0.9க்கு வந்துவிடும். அந்த மண்டபத்தின் குரலைத் தீர்மானிப்பதே சுவர் இல்லாத அந்தப் பக்கம்தான். அதைத்தான் அடைக்கப் போகிறார்கள். நீங்கள் பதறுவதில் நியாயம் இருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒலி எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் இடத்துக்குத்தான் சபைன் கணக்கு பொருந்தும். ஒரே பக்கம் மொத்தமும் வெளியே ஓடும் மண்டபத்தில் அது தடுமாறும். அதனால் அளந்துதான் ஆக வேண்டும்.

முப்பரிமாணம் · கோரமங்கலா · திங்கள் மதியம் 1:20

நான் கேம் ஆடியோ ப்ரோக்ராமர். அளப்பது நல்லதுதான், ஆனால் அதையே பிடித்துக்கொண்டால் ஆச்சியின் கேள்விக்கு விடை வராது. அளவீடு என்பது இந்த இடத்தில் ஸ்பீக்கர், அந்த இடத்தில் மைக், இரண்டும் அசையாமல். சப்பரமோ நகர்கிறது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு அளவீடு எடுக்க யாரால் முடியும்? அதற்குத் தெருவையே மாடலாகக் கட்ட வேண்டும். சுவர்களைக் கண்ணாடிபோல் நினைத்து ஒலியின் பிம்பங்களைக் கணக்கிடும் முறை 1979இல் வந்தது, கதிர்களைச் சிதறவிட்டுப் பின்தொடரும் முறை அதற்கும் முன்னால் 1968இல். ஸ்டீம் ஆடியோ என்ற மென்பொருளை இலவசமாக இறக்கி ஒரு கேம் என்ஜினில் போட்டால், தெருவில் நடந்துகொண்டே கேட்கலாம்.

ஆச்சி எப்படிச் சொல்கிறார் என்பதற்கு என் ஊகம் இது. 100 ஹெர்ட்ஸ் ஓசைக்கு அலைநீளம் 3.4 மீட்டர், ஒரு வீட்டின் முன்பக்க அளவு. அது முக்கை வளைத்துக்கொண்டு வந்துவிடும். 4000 ஹெர்ட்ஸுக்கு 9 சென்டிமீட்டர்கூட இல்லை, சுவர் மறித்தால் நின்றுவிடும். அதனால் சப்பரம் பக்கத்துத் தெருவில் இருக்கும்போது தவிலின் தொப்பிச் சத்தம் (தாழ்ந்த ஓசை தரும் பக்கம்) மட்டும் திண்ணைக்கு வரும், நாதஸ்வரம் கம்பளி போர்த்தியதுபோல் கேட்கும். முக்கு திரும்பிய நொடியில் நாதஸ்வரத்தின் கூர்மையும் தாளத்தின் கணகணப்பும் பளிச்சென்று திறக்கும். ஆச்சி அந்தத் திறப்பைக் கேட்கிறார். கேமில் கதவுக்குப் பின்னால் எதிரி பேசும்போது நாங்கள் போடும் வடிகட்டியும் இதே கணக்குத்தான்.

மிக்சிங்_அறை · இந்திராநகர் · திங்கள் இரவு 10:30

முப்பரிமாணம், தெரு விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். மண்டபத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். மாடல் என்றால் கல்லுக்கு எவ்வளவு உறிஞ்சல், தூணில் இருக்கும் சிற்பத்துக்கு எவ்வளவு சிதறல் என்று நாம்தான் எண் கொடுக்க வேண்டும். எண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் நமக்குப் பிடித்த ஒலி வந்துவிடும். அது கோயிலின் ஒலி ஆகாது.

பாரிஸ் நோத்ரு தாம் 2019இல் எரிந்தது. அதன் ஒலி இன்று கைவசம் இருப்பதற்குக் காரணம், ப்ரையன் காட்ஸ் குழு 2013இலேயே உள்ளே போய் அளந்து வைத்ததுதான். கணினி மாடலும் கட்டினார்கள், ஆனால் அளவீட்டோடு ஒத்துப்போகும்வரை அதைத் திருத்தினார்கள். முதலில் அளவீடு, அதைப் பிடித்துக்கொண்டு மாடல். தம்பி, தை பிறந்தால் உனக்கு அளக்க வாய்ப்பே கிடையாது. மாடலை எப்போது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம்.

முப்பரிமாணம் · கோரமங்கலா · திங்கள் இரவு 10:52

இதைக் கேட்டபின் மாற்றிக்கொள்கிறேன். முதலில் அளவீடு, சரி.

பாட்டு_டீச்சர் · மல்லேஸ்வரம் · செவ்வாய் காலை 6:10

எனக்கு உங்கள் கணக்கு தெரியாது. முப்பது வருடமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன், கச்சேரியும் செய்கிறேன். பாடுகிறவள் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

பல வருடம் முன்னால் இந்த ஊரில் ஒரு பெரிய பந்தல் கச்சேரி. முடிந்ததும் பின்வரிசையில் இருந்த என் தங்கை வந்து, "நீ மேடையில் பாடினாய், எனக்கு நீ கம்பத்திலிருந்து பாடின மாதிரி இருந்தது" என்றாள். வாயசைவு ஒரு பக்கம், குரல் இன்னொரு பக்கம். இரண்டு மணி நேரம் அவள் என்னைப் பார்க்காமல் கம்பத்தையே பார்த்திருக்கிறாள். இன்னொரு வருடம் வேறொருவர் சவுண்ட் பார்த்தார். அதே கம்பம், அதே ஸ்பீக்கர், ஆனால் குரல் மேடையிலிருந்தே வந்தது என்றாள். என்ன செய்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இரண்டாவதுதான் முக்கியம். நீங்கள் எல்லோரும் கேட்பவர் நிற்கும் இடத்தையே பேசுகிறீர்கள். ஓதுவார் நிற்கும் இடத்தில் என்ன கேட்கிறது? கல் மண்டபத்தில் பாடும்போது நான் வேறு மாதிரிப் பாடுவேன். மண்டபம் திருப்பிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டுதான் அடுத்த அடி எடுப்பேன். காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) தானாக இறங்கும். பிருகா (அடுக்கடுக்கான சுரங்கள்) வேகமாகப் போட்டால் குழைந்துவிடும், அதனால் கார்வையில், ஒரே சுரத்தை நீட்டி, நிற்பேன். ஏசி ஹாலில் அதே விருத்தத்தைப் பாடினால் வறண்டு போகும். மண்டபம் பாட்டை மாற்றுகிறது. அதை விட்டுவிட்டு எடுத்து வைத்தால் பாதிதான் எடுத்து வைத்ததாகும்.

சிக்னல்_மாணவி · யஷ்வந்த்பூர் · செவ்வாய் காலை 8:30

டீச்சர், உங்கள் இரண்டாவது விஷயம் இந்தத் துறையே பிந்தித்தான் கண்டுகொண்ட ஒன்று. இஸ்தான்புல்லில் ஹேகியா சோபியா என்று ஒரு பெரிய கட்டடம், முழக்கம் 10 வினாடிக்கு மேல். அப்போது உள்ளே பாட அனுமதி இல்லை. ஸ்டான்ஃபோர்டு ஆட்கள் அங்கே பலூன் உடைத்து, அந்த ஓசையைப் பதிவு செய்துகொண்டு வந்தார்கள். அதிலிருந்து எடுத்த மறுமொழியோடு (ஒரு ஓசைக்கு அந்தக் கட்டடம் தரும் பதில்), தங்கள் ஊர் அரங்கில் பாடகர்கள் பாடப் பாட அவர்கள் குரலைக் கணினியில் கலந்து அந்த நொடியே திருப்பிக் கொடுத்தார்கள். பாடகர்கள் உடனே நிதானித்தார்கள். ஏற்கனவே பாடியதன் மேல் ரிவெர்ப் பூசியிருந்தால் இது நடந்திருக்காது.

தாமிரபரணி, டீச்சர் சொன்னதைச் செய்யுங்கள். ஓதுவார் நிற்கும் இடத்தில் ஸ்பீக்கரை வைத்து ஒரு அளவீடு கேட்பவர் பக்கம். இன்னொன்று, ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே அவர் காது இருக்கும் உயரத்தில் மைக் வைத்து. இரண்டாவதை வைத்து டீச்சரை மல்லேஸ்வரத்தில் ஹெட்போனோடு உட்காரவைத்துப் பாடச் சொல்லலாம்.

பந்தல் மர்மத்துக்கும் விடை இருக்கிறது. ஒலி 34 மீட்டர் கடக்க ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். கம்பி வழியாக வருவது உடனே வந்துவிடும். பின்வரிசைக் கம்பத்து ஸ்பீக்கர் முதலில் பேசிவிட்டால், எது முதலில் வருகிறதோ அந்தத் திசையையே மூளை பிடித்துக்கொள்ளும். ஹாஸ் என்பவர் 1949இல் இதைத் துல்லியமாக ஆராய்ந்தார். இரண்டாவதாக வந்தவர் கம்பத்து ஸ்பீக்கரை அந்த அளவு தாமதித்து, அதற்கு மேல் இன்னும் 10, 15 மில்லி வினாடி சேர்த்திருப்பார். மேடைக் குரல் முன்னால் வந்துவிடும். கம்பம் சத்தம் மட்டும் கொடுக்கும், திசை கொடுக்காது.

பாட்டு_டீச்சர் · மல்லேஸ்வரம் · செவ்வாய் காலை 9:05

இருபது வருடக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. நன்றி அம்மா. பாட நான் தயார்.

மேம்பாலத்துக்கடியில் · ஸ்ரீராமபுரம் · செவ்வாய் இரவு 8:00

இடையில் ஒரு வார்த்தை. இந்த ஊரில் இருந்துகொண்டு இயற்பியலாளர் சி.வி. ராமனை மறக்கலாமா? 1921இல் அவர் லண்டன் போனபோது செயின்ட் பால் தேவாலயத்தின் கிசுகிசுக் கூடத்தை ஆராய்ந்து எழுதினார். கடலின் நீலத்தைப் பற்றி யோசித்ததும் அதே பயணத்தில்தான். மிருதங்கத் தோலில் பூசும் மாவும் கருப்பும் எப்படிச் சுரம் சேர்க்கின்றன என்றும் எழுதியிருக்கிறார். 1933இல் இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்துக்கு (ஐஐஎஸ்சி) வந்தவர் கடைசிவரை இங்கேயே இருந்தார். காது பழக வேண்டும் என்றால் ஒரு வார விடுமுறையில் விஜயபுரா போய்விட்டு வாருங்கள். 1656இல் முடிந்த கோல் கும்பஸ், 44 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம். காலையில் கூட்டம் வருவதற்கு முன் மேலே ஏறி, சுவரை ஒட்டி மெல்லப் பேசினால், எதிர்ச் சுவரில் காது வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்கும். ஒலி நடுவெளியைத் தாண்டி வருவதில்லை, வளைந்த சுவரையே பிடித்துக்கொண்டு சுற்றி வருகிறது. என் மகளுக்குப் பத்து வயது. அங்கே போய் வந்த பிறகு எந்தப் புது அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கைதட்டுகிறாள்.

ரைன்_நதிக்கரை · முன்பு ஜெயநகர் · புதன் அதிகாலை 2:15

எம்.எஸ். பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலையை மாற்றி முழு நேரமாக இதில் இறங்குவதென்றால் ஜெர்மனியின் ஆகன், ஆஸ்திரியாவின் கிராட்ஸ், பின்லாந்தின் ஆல்டோ, இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகங்கள் எல்லாம் நல்ல இடங்கள். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமும் இல்லை. ஆனால் உங்கள் வேலைக்கு அது தேவைப்படாது. கிராட்ஸ் ஐஇஎம் பிளக்-இன்களும் ஆல்டோவின் ஸ்பார்ட்டாவும் இலவசம், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஓடும். கைவேலை பழகினாலே போதும்.

மிக்சிங்_அறை · இந்திராநகர் · புதன் இரவு 9:45

இப்போது மைக் பேசலாம். நான்கு மைக் தலைகள் நான்முகி வடிவில் இருக்கும் ஆம்பிசோனிக் மைக்கை வாடகைக்கு எடு, வாங்காதே. கெர்சன் என்பவர் 1970களில் வகுத்த முறை இது. நான்கு சேனலில் ஒன்று எல்லாத் திசையும், மற்ற மூன்றும் முன்-பின், இடம்-வலம், மேல்-கீழ். அப்படி எடுத்தால் பின்னால் ஹெட்போனுக்கும் திருப்பலாம், எத்தனை ஸ்பீக்கருக்கும் திருப்பலாம், தலையைத் திருப்பும்போது ஒலிக்களத்தையும் எதிர்ப்பக்கம் திருப்பலாம். தலையைத் திருப்ப முடியாவிட்டால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் குழம்பும்.

பலூன் கையில் இருக்கட்டும், ஆனால் ஸ்வீப்பை நம்பு. 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை நிதானமாக ஏறும் ஒரே ஊளை. ஃபரீனா என்பவர் 2000இல் சொன்ன முறை. அதைத் தலைகீழ் வடிகட்டியால் சுருக்கினால், மண்டபத்தில் ஊசி விழுந்ததுபோல் ஒரு துடிப்பு மறுமொழி கிடைக்கும். ஸ்பீக்கர் உண்டாக்கும் திரிபு தனியாகப் பிரிந்து முன்னால் போய் நின்றுவிடும். பத்து குட்டி ஸ்வீப்பைவிட 30 வினாடியில் ஒரே நீளமான ஸ்வீப் மேல், நீளம் இரட்டிக்கும்போதெல்லாம் இரைச்சலுக்கு எதிராக 3 டெசிபெல் ஆதாயம். திறந்த மண்டபம், காற்று அசையும், சராசரி எடுத்தால் உயர்ந்த சுரங்கள் மழுங்கும். எல்லாப் பக்கமும் ஒலி விடும் பன்னிரண்டு முக ஸ்பீக்கர் கிடைக்காது. ஒரு நல்ல ஸ்டுடியோ ஸ்பீக்கரை நான்கு பக்கமும் திருப்பி நான்கு தடவை எடு. நிர்வாக அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் உள்ளே போகாதே.

தாமிரபரணிக்காரன் · மர்ஃபி டவுன் · ஏழு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 8:20

எல்லோருக்கும் நன்றி. போய் அளந்துவிட்டு வந்தேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அனுமதிக்கு மூன்று தடவை நடந்தேன், கிடைத்தது. அர்த்தசாம பூஜை முடிந்து நடை சாத்தியதும் பத்து மணிக்கு மண்டபத்தில் ஸ்பீக்கர் வைத்தோம். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர். ஒரு மணி வரை காத்திருந்தோம். அது நின்றதும் வௌவால். மனிதருக்குக் கேட்காத சத்தம்தானே என்று நினைத்தேன், சிறகடிப்பும் கீச்சும் நன்றாகவே பதிவாகின்றன. இரண்டே முக்காலுக்கு எல்லாம் அடங்கியது. முதல் ஸ்வீப் ஏறியபோது 110 ஹெர்ட்ஸ் பக்கம் மண்டபத்தின் தென்மேற்கு மூலை தனியாக முனகியது. ஸ்வீப் கடந்து போன பிறகும் அந்த ஒரு சுரம் நின்றுகொண்டிருந்தது. என்னோடு இருந்த ஓதுவார் ஐயா உடனே, "நான் எடுக்கிற ஆதார சுருதிக்குப் பக்கத்துல இருக்கு. அந்த மூலையைப் பார்த்துத்தான் பாடணும்னு எங்கப்பா சொல்லுவாங்க" என்றார். இத்தனை வருடமாக ஓதுவார் ஏன் சந்நிதிக்குச் சற்றுச் சாய்வாக நிற்கிறார் என்று நான் யோசித்ததே இல்லை.

நடு அலைவரிசையில் 1.9 வினாடி வந்தது, தாழ்ந்ததில் 2.5. சிக்னல்_மாணவி போட்ட 1.6க்குப் பக்கம்தான். கேட்பவர் இடம் ஆறு, ஓதுவார் இடம் இரண்டு என்று எடுத்திருக்கிறேன்.

இப்போது சிக்கல். பெங்களூர் வந்து ஹெட்போனில் போட்டேன். சோதனைக்காக நேர் முன்னால் அடித்த கைமணி இடது காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. இடது பக்கம் நின்று ஓதுவார் பேசியது தலைக்கு மேலே இருந்து வருகிறது. மைக்கைத் தப்பாக நிறுத்திவிட்டேனா? திரும்பப் போய் எடுக்க நாள் இல்லை. நேற்றிலிருந்து தூக்கம் இல்லை.

சிக்னல்_மாணவி · யஷ்வந்த்பூர் · ஞாயிறு இரவு 8:34

தூங்குங்கள், ஒன்றும் போகவில்லை. ரெக்கார்டரில் "ஃப்யூமா" என்று வைத்திருப்பீர்கள், பிளக்-இன் "ஆம்பிஎக்ஸ்" எதிர்பார்க்கிறது. இரண்டும் அந்த நான்கு சேனலை அடுக்கும் முறைகள்: டபிள்யூ எல்லாத் திசை, எக்ஸ் முன்-பின், ஒய் இடம்-வலம், இசட் மேல்-கீழ். பழைய ஃப்யூமா முறையில் சேனல் வரிசை டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட். புதிய முறையில் டபிள்யூ, ஒய், இசட், எக்ஸ். அதனால் முன்னால் இருப்பது இடதாகிவிட்டது, இடது மேலே போய்விட்டது, மேலே இருப்பது முன்னால் வந்திருக்கும். நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே பொருந்துகிறது. வரிசையை மாற்றி டபிள்யூவை 3 டெசிபெல் ஏற்றுங்கள், சரியாகிவிடும்.

தாமிரபரணிக்காரன் · மர்ஃபி டவுன் · ஞாயிறு இரவு 9:10

மாற்றினேன். மணி எனக்கு நேர் முன்னால் நிற்கிறது. கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பாட்டு_டீச்சர் · மல்லேஸ்வரம் · அடுத்த சனி மாலை 6:00

தம்பி லேப்டாப்போடு வீட்டுக்கு வந்திருந்தார். ஹெட்போன் போட்டு, தம்புரா வைத்து ஒரு தேவாரப் பண் பாடினேன். முதல் இரண்டு நிமிடம் என் குரலுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஏதோ இடறியது. தம்பி ஏதோ ஒரு பஃபர் எண்ணைக் குறைத்தார், இடறல் போனது. அப்புறம் மண்டபம் வந்தது. மூன்றாவது அடியில் நான் தானாகவே சுருதியை இறக்கினேன். அந்த மூலையின் முனகலோடு என் ஆதார சுருதி சேரும்வரை இறக்கத் தோன்றியது. ஆனால் அவ்வளவு கீழே என் குரல் போகாது. என் சுருதி ஐந்து கட்டை, அந்த முனகலைவிட வெகு மேலே. ஆண் குரலுக்கான மண்டபம் அது. பெண் பாடினால் எந்த மூலை பேசும் என்று அடுத்த முறை ஒரு ஸ்வீப் எடுத்துப் பாருங்கள்.

தாமிரபரணிக்காரன் · மர்ஃபி டவுன் · இரண்டு வாரம் கழித்து, திங்கள் இரவு 10:05

முப்பரிமாணம் உதவியோடு நான்கு தெருவையும் மாடலாகக் கட்டினேன். தவில், நாதஸ்வரம், தாளம் மூன்றையும் திறந்த வயலில் நிற்கவைத்து வறட்சியாக (எதிரொலி கலக்காமல்) பதிவு செய்து, மாடலுக்குள் சப்பரம்போல் நகர்த்தினேன். கேட்பவர் இடம் எங்கள் திண்ணை. சனிக்கிழமை ஊருக்குப் போய் ஆச்சிக்கு ஹெட்போன் மாட்டினேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். தெற்குத் தெரு முக்கு திரும்பும்போது, "திரும்பிட்டாரு" என்று சரியாகச் சொன்னாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. சற்று நேரம் கழித்து முகம் மாறியது. "இது எந்தத் தெருலே?" என்றாள். மேலத் தெரு என்றேன். "இல்ல. மேலத் தெருவுல சாமி வந்தா மேளம் ரெண்டு பக்கமும் கேக்கும். ஒண்ணு சாமி வர்ற பக்கம், இன்னொண்ணு தேர் நிக்கிற பக்கம். இதுல தேரக் காணோமே."

தேர்க்கொட்டகையை நான் மாடலில் வைக்கவில்லை. தெருக்கோடியில் 40 மீட்டர் தள்ளி, ஆள் உயரத்துக்கு நான்கு மடங்கு தகரம் அடித்து மூடி நிற்கிறது. போக 40, வர 40. கால் வினாடிக்குச் சற்றுக் குறைவாகத் தனி எதிரொலி வரும். வீடு வீடாக அளந்த நான் அதை விட்டிருக்கிறேன். அவள் அதைக் காதிலேயே வைத்திருக்கிறாள்.

கொட்டகையைச் சேர்க்கப் போகிறேன். நெளித் தகரத்துக்குச் சிதறல் என்ன எண் கொடுப்பது?

முப்பரிமாணம் · கோரமங்கலா · திங்கள் இரவு 10:40

நெளியின் இடைவெளி ஏழெட்டு சென்டிமீட்டர் இருக்கும். அலைநீளம் அதைவிட மிகப் பெரியதாக இருக்கும்வரை தகரம் சமதளச் சுவர் மாதிரிதான். தவிலின் தொப்பி ஓசைக்குச் சிதறலைச் சுழிக்குப் பக்கத்தில் வையுங்கள். 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் போகப் போக ஏற்றுங்கள், 4000 பக்கம் பாதிக்கு மேல். தகரம் அடியில் வெற்றிடமாக இருந்தால் தாழ்ந்த ஓசையில் கொஞ்சம் அதிர்ந்து விழுங்கவும் செய்யும். ஆனால் நேரில் ஒரு பலூன் உடைத்துப் பார்த்துவிட்டு எண்ணை வையுங்கள். முதலில் அளவீடு.

தாமிரபரணிக்காரன் · மர்ஃபி டவுன் · திங்கள் இரவு 10:58

வெள்ளி ராத்திரி நாகர்கோவில் வண்டியில் டிக்கெட் போட்டுவிட்டேன். பலூனும் அளவு நாடாவும் எடுத்துக்கொள்கிறேன். திண்ணையில் ஆச்சி வழக்கமாகச் சாய்ந்து உட்காரும் தூணுக்குப் பக்கத்திலேயே மைக்கை வைக்கிறேன். இதுவரை நடுத்திண்ணையில்தான் வைத்திருந்தேன்.